லண்டனில் பிரிட்டிஷ் ராணுவ பேண்டின் அணிவகுப்பைப் பார்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பக்கிங்ஹாம் அரண்மனையில் காவல் மாறுவதைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் நேராக அரண்மனையின் கம்பி வேலியில் போய் இடம் பிடிக்கிறார்கள். ஒன்றரை மணி நேரம் கால் கடுக்க நின்று, கம்பிகளுக்கு நடுவே துண்டு துண்டாகத் தெரியும் காட்சியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். காவலர்கள் பொறுப்பை ஒப்படைப்பதைப் பார்க்க அது நல்ல இடம்தான். பேண்டைப் பார்க்க அது சரிப்படாது. ராணுவ பேண்ட் நடந்துகொண்டே வாசிப்பதற்காக உருவானது. சாலையோரத்தில் நாம் நிற்க, பத்தடி தூரத்தில் அது நம்மைக் கடந்து போகும்போதுதான் அதன் ஒழுங்கும் ஓசையும் முழுதாகக் கிடைக்கும். இந்த வழிகாட்டி அதை மையமாக வைத்தே எழுதப்பட்டது.

முதலில் எந்த அணிவகுப்பு என்று முடிவு செய்யுங்கள்

ஆண்டு முழுவதும், கட்டணமின்றி, முன்பதிவின்றிப் பார்க்கக் கூடியது பக்கிங்ஹாம் அரண்மனைக் காவல் மாற்றம். வழக்கமாகத் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு ஆகிய நாட்களில் காலை 11 மணிக்குத் தொடங்கி சுமார் 45 நிமிடம் நடக்கும். ஜூனில் வருகிறவர்களுக்கு ட்ரூப்பிங் தி கலர் இருக்கிறது. அரசரின் அதிகாரபூர்வப் பிறந்தநாள் அணிவகுப்பு அது. சுமார் 400 இசைஞர்கள் ஒரே மைதானத்தில் சேர்ந்து வாசிப்பார்கள். கூட்டமே ஆகாது என்பவர்களுக்கு, லண்டனுக்கு அருகே அரச கோட்டை இருக்கும் வின்சர் நகரம்.

முதல்முறை பார்ப்பவர் காவல் மாற்றத்திலிருந்து தொடங்குவது நல்லது. தவறவிட்டால் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்க்கலாம்.

நாளை உறுதி செய்வது

மேலே சொன்ன கிழமைகள் மாறக்கூடியவை. அரசு விருந்தினர் வருகை, ஒத்திகை, சாலை மூடல் என்று பல காரணங்களால் ஒரு நாள் விட்டுப்போகலாம். பிரிட்டிஷ் ராணுவத்தில் அரசரின் காவல் படைகளைக் கொண்ட ஹவுஸ்ஹோல்ட் டிவிஷனின் இணையதளத்தில் மாத அட்டவணை இருக்கும். எந்த ரெஜிமென்ட் (படைப்பிரிவு) காவலுக்கு வருகிறது, எந்த பேண்ட் வாசிக்கிறது என்பதும் பெரும்பாலும் அதிலேயே கிடைக்கும். முந்தின நாள் இரவு ஒருமுறை, கிளம்பும் முன் காலையில் ஒருமுறை என இரண்டு தடவை பாருங்கள்.

மழைதான் பெரிய எதிரி. கனமழை என்றால் நிகழ்ச்சி ரத்தாகும், அல்லது பேண்ட் இல்லாமல் சுருக்கமாகக் காவல் மட்டும் மாறும். கிளாரினெட் போன்ற மர வாத்தியங்கள் நனைந்தால் பாழாகும். கரடித்தோல் தொப்பி தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிடும். முடிவு அன்று காலையில்தான் எடுக்கப்படும். லேசான தூறல் என்றால் ஏமாந்து திரும்பிவிடாதீர்கள், பெரும்பாலும் நடக்கும்.

எங்கே, எத்தனை மணிக்கு நிற்பது

நிகழ்ச்சி அரண்மனை வாசலில் மட்டும் நடப்பதில்லை. மூன்று இடங்களில் தொடங்கி அங்கே வந்து சேர்கிறது. பழைய காவலின் ஒரு பிரிவு செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையின் ஃப்ரையரி கோர்ட் முற்றத்தில் அணிவகுத்து, பத்தே முக்கால் வாக்கில் தி மால் சாலை வழியாக வரும். பழைய காவலின் இன்னொரு பிரிவு பக்கிங்ஹாம் அரண்மனை முன்முற்றத்திலேயே நிற்கும். புதிய காவலும் முக்கிய பேண்டும் பேர்ட்கேஜ் வாக் சாலையிலுள்ள வெலிங்டன் பாசறையிலிருந்து 10:57 அளவில் கிளம்பி, சரியாக 11 மணிக்கு வாசலில் நுழையும்.

நாங்கள் முதலில் சொல்வது வெலிங்டன் பாசறையைத்தான். செயின்ட் ஜேம்ஸ் பார்க் நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடை. 10:15க்குள் பாசறையின் கம்பி வேலியருகே போய் நில்லுங்கள். உள்ளே மைதானத்தில் பேண்ட் அணிசேர்வது, அதிகாரி ஒவ்வொருவராகப் பரிசோதிப்பது, காத்திருக்கும் நேரத்தில் பேண்ட் நின்றபடியே சில துண்டுகள் வாசிப்பது என எல்லாம் தெளிவாகத் தெரியும். கூட்டம் அரண்மனை வாசலில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. 10:50க்கு மெல்ல நகர்ந்து, பேண்ட் வெளியே வரும் வாயிலுக்கும் அரண்மனைக்கும் இடையே நடைபாதையோரம் நின்றுகொண்டால், முழு அணியும் உங்கள் முன்னாலேயே கடந்து போகும்.

கூடவே நடந்து போகலாமா என்று பலர் கேட்பார்கள். போகலாம், ஆனால் வேகம் தெரிந்திருக்க வேண்டும். கார்ட்ஸ் ரெஜிமென்ட்களின் விரைவு நடை நிமிடத்துக்கு 116 அடிவைப்பு. ஓர் அடிவைப்பு 30 அங்குலம். கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 88 மீட்டர், மணிக்கு ஐந்தேகால் கிலோமீட்டர். கூட்டம் நிறைந்த நடைபாதையில் குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த வேகத்தில் போக முடியாது. சாலையின் எதிர்ப்புறம் பூங்கா ஓரமாகப் போனால் ஓரளவு சாத்தியம்.

அரண்மனைக்கு எதிரேயுள்ள விக்டோரியா நினைவுச் சின்னத்தின் படிகள் இரண்டாவது தேர்வு. உயரமான இடம் என்பதால் இரண்டு திசையிலிருந்தும் அணிகள் வருவது தெரியும். ஆனால் கோடையில் 9:45க்கே நிரம்பிவிடும். பிறகு காவல்துறையினர் சாலையை அடைத்துவிடுவார்கள், நினைத்தபோது மறுபக்கம் கடக்க முடியாது. கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் அதற்கு முன்பே பூங்காவில் முடித்துவிடுங்கள்.

கம்பி வேலியில்தான் நிற்பேன் என்றால் 9:30க்கு வாருங்கள். அந்த இடத்தில் ஜேப்படித் திருடர்கள் குறித்துக் காவல்துறையினர் ஒலிபெருக்கியில் எச்சரித்துக்கொண்டே இருப்பார்கள். முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

வருவது யார்: தொப்பியும் பட்டனும்

தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாரும் ஒரே சிவப்புச் சட்டை, ஒரே கருப்புத் தொப்பி. ஐந்து காலாட்படைக் காவல் ரெஜிமென்ட்களுக்கும் தனித்தனி பேண்ட் உண்டு. எந்த பேண்ட் என்று கண்டுபிடிக்க சட்டையின் முன்பக்கப் பட்டன்களை எண்ணினால் போதும்.

கிரெனடியர் கார்ட்ஸ்: பட்டன்கள் ஒற்றை ஒற்றையாக, தொப்பியின் இடப்பக்கம் வெள்ளைக் குஞ்சம்.
கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ்: இரண்டிரண்டாக, வலப்பக்கம் சிவப்புக் குஞ்சம்.
ஸ்காட்ஸ் கார்ட்ஸ்: மும்மூன்றாக, குஞ்சமே கிடையாது.
ஐரிஷ் கார்ட்ஸ்: நான்கு நான்காக, வலப்பக்கம் நீலக் குஞ்சம்.
வெல்ஷ் கார்ட்ஸ்: ஐந்தைந்தாக, இடப்பக்கம் வெள்ளை-பச்சை-வெள்ளைக் குஞ்சம்.

குளிர்காலத்தில் சாம்பல் நிற நீள்கோட்டு அணிந்து வருவார்கள். அப்போதும் கோட்டின் பட்டன்கள் இதே கணக்குத்தான்.

காவலுக்கு வரும் படை ஒன்றாகவும் பேண்ட் வேறொரு ரெஜிமென்ட்டினுடையதாகவும் இருப்பது சகஜம். ஆகவே பேண்டை ஒருமுறை, பின்னால் வரும் துப்பாக்கி வீரர்களை ஒருமுறை என்று தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். சில நாட்களில் செயின்ட் ஜேம்ஸிலிருந்து வரும் பிரிவுடன் கார்ப்ஸ் ஆஃப் டிரம்ஸ் எனப்படும் குழல்-டிரம் குழு வரும். அவர்கள் சட்டையில் நீல மலர்ச் சின்னம் பதித்த வெள்ளைப் பட்டை அடுக்கடுக்காக இருக்கும். அவர்கள் முழுநேர இசைஞர்கள் அல்ல, வாத்தியமும் கற்ற போர்வீரர்கள். ஸ்காட்ஸ், ஐரிஷ் படைகளில் அந்த இடத்தில் பைப் (காற்றுப் பை பொருத்திய குழல்) வாசிப்பவர்கள் வருவார்கள். காவி நிறக் கில்ட் (பாவாடை போன்ற உடை) கட்டியிருந்தால் ஐரிஷ்.

அணிக்குள் யார் எங்கே, ஏன்

முன்வரிசையில் டிராம்போன்கள். அழகுக்காக வைத்ததல்ல. அதன் சறுக்குக் குழாய் முன்னே நீள்வதற்கு இடம் வேண்டும், நடுவில் நிறுத்தினால் முன்னால் போகிறவரின் முதுகில் இடிக்கும். அதையடுத்து டியூபா, யூஃபோனியம் போன்ற கனத்த பித்தளை வாத்தியங்கள். நடுவில் டிரம்கள். முன்னாலும் பின்னாலும் இருப்பவர்களுக்கு அடி ஒரே சீராகக் கேட்க வேண்டும் என்பதால் நடு இடம். அதன் பின்னால் கார்னெட், கிளாரினெட், புல்லாங்குழல்.

இதனால் சாலையோரம் நிற்கிறவருக்கு ஒரு நல்ல அனுபவம் கிடைக்கிறது. பேண்ட் கடந்து போகும் அரை நிமிடத்தில் ஒரே பாட்டு நான்கு விதமாகக் கேட்கும். முதலில் டிராம்போனின் வெடிப்பு, பிறகு வயிற்றில் அதிரும் தாழ்சுரங்கள், பிறகு மற்றதையெல்லாம் மூழ்கடிக்கும் டிரம், கடைசியில் மெல்லிசான மர வாத்தியங்களின் மெட்டு. அரண்மனை வேலியில் நிற்பவருக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

ஒவ்வொரு வாத்தியத்திலும் ஒரு சிறு கவ்வி பொருத்தி, உள்ளங்கை அளவு அட்டையில் சுரக்குறிப்பு வைத்திருப்பார்கள். காற்று பலமாக வீசும் நாளில் அதைக் கவனியுங்கள். அட்டை படபடக்க, கண் அதிலிருந்து விலக, கால் மட்டும் தவறாது.

டிரம் மேஜரும் இடது காலும்

அணியின் முன்னால் தனியாக, நீண்ட தடியைச் சுழற்றிக்கொண்டு வருபவர் டிரம் மேஜர். அந்தத் தடிதான் கட்டளை. வாத்தியச் சத்தத்தில் குரல் பின்வரிசைக்குக் கேட்காது என்பதால் கண்ணுக்குத் தெரியும் சைகை தேவைப்படுகிறது. நடையோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருக்கும் தடி சட்டென்று உயர்ந்து அசையாமல் நின்றால், ஏதோ மாறப்போகிறது என்று பொருள்: பாட்டு நிற்கலாம், அணி நிற்கலாம். அந்த நொடியில் தடியை விட்டுவிட்டு, பாஸ் டிரம் எனப்படும் பெரிய டிரம்மைப் பாருங்கள். அதன் அடியில் ஒரு மாற்றம் கேட்கும், அடுத்த சில அடிகளில் மொத்த இசையும் ஒரே வெட்டாக நிற்கும்.

நடை எப்போதும் இடது காலில் தொடங்கும். பாஸ் டிரம்மின் கனத்த அடியும் இடது காலுக்கே. இதைத் தெரிந்துகொண்டால் எந்த அணியின் தரத்தையும் நீங்களே சோதிக்கலாம்: டிரம் அடி விழும்போது ஒரு வரிசையின் எல்லா இடது குதிகாலும் தரையைத் தொடுகிறதா என்று பாருங்கள்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. தி மால் சாலையில் தொலைவில் வரும் அணியைப் பார்த்து "தாளம் தப்புகிறதே" என்று பலர் நினைப்பார்கள். தப்புவதில்லை. ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். 116 அடிவைப்பு வேகத்தில் ஓர் அடிவைப்புக்கு அரை நொடிக்குச் சற்றே அதிகம். ஆகவே சுமார் 90 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு டிரம் ஓசை அரை அடிவைப்பு தாமதமாக வந்து, கால் காற்றில் இருக்கும்போது அடி விழுவதுபோல் தோன்றும். சுமார் 175 மீட்டரில் ஒரு முழு அடிவைப்பு தாமதமாகி, கனத்த அடி வலது காலுக்கு விழுவதாகத் தெரியும். அணி நெருங்க நெருங்க இந்தப் பிசகு தானாகக் கரைந்து, 10 மீட்டரில் காலும் ஓசையும் ஒன்றாகிவிடும். கண்ணை எடுக்காமல் இந்த மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே தி மாலில் ஒருமுறை நிற்கலாம்.

நீளமான அணியில் நடப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். பேண்டிலிருந்து வெகு பின்னால் வரும் படைப்பிரிவு, காதில் விழும் டிரம்மை மட்டும் நம்பினால் முன்னால் போகிறவர்களோடு கால் ஒத்துப்போகாது. அதனால்தான் முன்வரிசையின் காலைப் பார்த்தே நடக்கப் பயிற்றுவிக்கிறார்கள். பெரிய அணிவகுப்பில் பின்பகுதி அரை அடிவைப்பு பிந்தி நடப்பதைக் கண்டால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

திருப்பங்களையும் கவனியுங்கள். அணி வளைவில் திரும்பும்போது உள்வளைவில் இருப்பவர் அடியைச் சுருக்கி வைக்க வேண்டும், வெளிவளைவில் இருப்பவர் நீட்டி வைக்க வேண்டும், வேகமோ இருவருக்கும் ஒன்றுதான். வாயில் வாத்தியத்தோடு இதைச் செய்வது கடினம். வரிசை கோணலாவது பெரும்பாலும் இங்கேதான். பேர்ட்கேஜ் வாக் முடியும் இடத்தில் அரண்மனை நோக்கித் திரும்பும் வளைவில் நின்றால் இதை நெருக்கத்தில் பார்க்கலாம்.

முன்முற்றத்தில் நடப்பது

புதிய காவல் உள்ளே நுழைந்ததும் விரைவு நடை மெதுநடையாக மாறும். நிமிடத்துக்குச் சுமார் 65 அடிவைப்பு. பழைய காவலை நோக்கிப் புதிய காவல் இந்த நடையில்தான் முன்னேறும். அப்போது பேண்ட் வாசிப்பது அந்த ரெஜிமென்ட்டின் மெதுநடை இசை. மெதுநடையில் ஒருவர் காலைத் தரைக்கு மேல் நிறுத்திவைக்கும் அந்தக் கணத்தில் உடல் ஆடினால் உடனே தெரிந்துவிடும். விரைவு நடையில் மறைக்கக்கூடிய பிழைகளை இதில் மறைக்க முடியாது.

பிறகு இரு காவல் அதிகாரிகளும் அரண்மனைச் சாவியை ஒப்படைக்கும் சடங்கு. காவலர்கள் இடம் மாறும் அந்த நேரத்தை நிரப்ப பேண்ட் ஒதுங்கி நின்று ஒரு சிறு கச்சேரியே நடத்தும். ராணுவ இசைக்கு நடுவே திரைப்பட இசையும் பாப் பாடல்களும் வரும். வாசிப்பதற்கு வரலாற்றுக் கனம் சேர்ந்த நாட்களும் உண்டு: 2001 செப்டம்பர் 13 அன்று, அரசி இரண்டாம் எலிசபெத்தின் உத்தரவுப்படி, கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் பேண்ட் இங்கே அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தது. வேலிக்கு வெளியே நின்ற அமெரிக்கர்கள் அழுதார்கள்.

பேண்ட் மட்டுமே வேண்டும் என்பவர் இந்த நேரத்தில் கூட்டத்தை விட்டு விலகி மறுபடி பேர்ட்கேஜ் வாக் பக்கம் போகலாம். 11:40 வாக்கில் பழைய காவலை அழைத்துக்கொண்டு பேண்ட் பாசறைக்குத் திரும்பும். எல்லாரும் அரண்மனையையே பார்த்து நிற்பதால் இந்தத் திரும்புநடைக்கு முன்வரிசை எளிதில் கிடைக்கும்.

குதிரைப்படைக் காவல் தனி. திங்கள் முதல் சனி வரை 11 மணிக்கும் ஞாயிறு 10 மணிக்கும் ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானத்தில் மாறும். ஆனால் அதில் வழக்கமாக பேண்ட் இருக்காது.

ட்ரூப்பிங் தி கலர்

1748 முதல் அரசரின் அதிகாரபூர்வப் பிறந்தநாளோடு இணைந்த இந்த அணிவகுப்பு வழக்கமாக ஜூனின் ஒரு சனிக்கிழமை நடக்கும். ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானத்து இருக்கைகளுக்கு மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும், குலுக்கலில்தான் கிடைக்கும். அதற்கு முந்தைய இரண்டு சனிக்கிழமைகளில் முழு உடையில் நடக்கும் மேஜர் ஜெனரல் ரிவ்யூ, கர்னல் ரிவ்யூ ஒத்திகைகளுக்கு இடம் கிடைப்பது எளிது. பேண்டுக்காகப் போகிறவர் ஒத்திகையைத் தேர்ந்தெடுக்கலாம், இசையும் நடையும் ஏறக்குறைய அதேதான்.

டிக்கெட் இல்லையென்றால் தி மால் ஓரத்தில் காலை 9 மணிக்கு முன்பே இடம் பிடியுங்கள். நிகழ்ச்சி முடிந்து மதியம் அணிகள் அரண்மனைக்குத் திரும்பும்போது மொத்த பேண்டும் சேர்ந்து தி மாலை நிறைத்து வரும். காலையில் போவதைவிட இதுதான் கேட்கத் தக்கது.

மைதானத்துக்குள் இருப்பவர் தவறவிடக் கூடாதவை மூன்று. தனி ஒரு டிரம் வீரர் பெரும் இசைக்கூட்டத்திலிருந்து பிரிந்து நடந்துபோய், மைதானமே அமைதியாக இருக்கையில் தன்னந்தனியாக அழைப்பு அடிப்பார். இரண்டாவது, சுழல் திருப்பம். நூற்றுக்கணக்கானவர்கள் கொண்ட ஒரு செவ்வகம், வாசித்துக்கொண்டே, இருந்த இடத்திலேயே 90 பாகை திரும்ப வேண்டும். சிலர் முன்னே, சிலர் பக்கவாட்டில், சிலர் பின்னோக்கி நடப்பார்கள். பத்து நொடிக்குக் குழப்பம்போல் தெரிந்து, பிறகு கோடு போட்டாற்போல் வரிசை மீளும். உயரமான இருக்கையிலிருந்துதான் இது புரியும். மூன்றாவது, குதிரைப்படை பேண்ட். பெரிய டிரம் குதிரையின் இருபுறமும் வெள்ளி டிரம்கள். வாசிப்பவரின் இரு கையும் குச்சியில் இருப்பதால் கடிவாள வார்கள் அவர் கால்களோடு இணைக்கப்பட்டிருக்கும், குதிரையைக் காலாலேயே ஓட்டுவார். அரசருக்கு வணக்கம் செலுத்தும்போது குச்சிகளைத் தலைக்கு மேல் குறுக்காக உயர்த்துவார்.

வெயில் ஆபத்தையும் சொல்ல வேண்டும். 2023 ஜூன் 10 ஒத்திகையில் 30 பாகை வெப்பத்தில் வீரர்கள் மயங்கி விழுந்தார்கள். அவர்களில் ஒரு டிராம்போன் இசைஞர் எழுந்து மறுபடி வாசிக்க முயன்றார். அசையாமல் நிற்கையில் ரத்தம் கால்களில் தேங்குகிறது, கம்பளிச் சட்டையும் தொப்பியும் சூட்டை வெளியே விடுவதில்லை. பார்வையாளருக்கும் இதே கதிதான்: தண்ணீர், தொப்பி, இடையிடையே கால் மாற்றி நிற்பது மூன்றும் கட்டாயம்.

படம் எடுப்பவர்களுக்கு

கருப்புத் தொப்பி படத்தை நிறைத்தால் கேமரா ஒளியைக் கூட்டிவிடும், சிவப்புச் சட்டை வெளிறி மடிப்பே தெரியாமல் போகும். செல்போனில் சட்டையைத் தொட்டு ஒளியைக் கொஞ்சம் குறையுங்கள். சுழலும் தடிக்கும் டிரம் குச்சிக்கும் ஷட்டர் வேகம் 1/500 நொடியாவது வேண்டும். காணொளியில் பாஸ் டிரம் நெருங்கும்போது ஒலி உடையும், ஐந்தாறு மீட்டர் பின்னால் நின்றால் தப்பலாம். நடைபாதை விளிம்பைத் தாண்டிக் கையை நீட்டாதீர்கள். அணி ஒதுங்காது, நாம்தான் ஒதுங்க வேண்டும்.

வின்சர்

வழக்கமாகச் செவ்வாய், வியாழன், சனி. காவல் மாற்றம் 11 மணிக்குக் கோட்டைக்குள், அதற்கு நுழைவுச் சீட்டு வேண்டும். ஆனால் பேண்ட் விக்டோரியா பாசறையிலிருந்து கிளம்பி ஹை ஸ்ட்ரீட் வழியாகக் கோட்டைக்கு ஏறுவதைச் சாலையில் நின்று இலவசமாகப் பார்க்கலாம். 10:30க்கு அங்கே இருந்தால் போதும். தெரு குறுகலானது, இருபுறமும் கட்டடங்கள், ஆகவே ஓசை சுவர்களில் மோதி லண்டனில் கேட்பதைவிடப் பலமாகக் கேட்கும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் காதடைப்பான் எடுத்துச் செல்லுங்கள். வாட்டர்லூவிலிருந்து வின்சர் அண்ட் ஈட்டன் ரிவர்சைடுக்கு நேரடி ரயில் உண்டு. பாடிங்டனிலிருந்து போனால் ஸ்லவ் நிலையத்தில் மாற வேண்டும். இங்கேயும் எல்லா நாளும் பேண்ட் வருவதில்லை என்பதால், ரயில் டிக்கெட் எடுக்கும் முன் அட்டவணையைப் பார்த்துவிடுங்கள்.